சித்திரை லீவுப் பயணம்: எங்கள் பண்டாரவளைக் குடும்பக் குழு

செல்வம் மாமா: வணக்கம் எல்லாருக்கும். புதுவருடம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் வேன் புறப்படும். எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாகத் தங்காலைக்குப் போகிறோம். பிள்ளைகள் கடலாமை பார்க்கவேண்டும் என்கிறார்கள். எங்கே போகலாம்?

கவிதாக்கா: மாமா, ஆமைக்குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்கிற இடம் இருக்கிறதாம். தொட்டி நிறையக் குஞ்சுகள். டிக்கெட்டும் அவ்வளவு விலை இல்லை.

ரமேஷ்: கவிதாக்கா, தயவுசெய்து அங்கே வேண்டாம். குஞ்சு முட்டையை விட்டு வரும்போது மஞ்சள் கருவின் மிச்சம் அதன் வயிற்றில் இருக்கும். அந்தத் தெம்பில்தான் முதல் நாள் முழுக்க நிற்காமல் நீந்தி, கரையோரம் காத்திருக்கிற மீன்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகும். தொட்டியில் போட்டால் சுவரைச் சுற்றிச் சுற்றியே தெம்பு தீர்ந்துபோகும். அப்புறம் கடலில் விட்டு என்ன பிரயோசனம்? பிறந்த இரவே விடவேண்டும், யார் கையும் படாமல்.

சிவகாமி அத்தை: முட்டையைக் காப்பாற்றத்தானே அந்த இடங்களை நடத்துகிறார்கள் தம்பி?

ரமேஷ்: நாயும் ஆளும் தோண்டிவிடுகிற கரையில் முட்டையை எடுத்து வைப்பதில் நியாயம் இருக்கிறது அத்தை. ஆனால் தாய் புதைத்த இடத்திலேயே காவல் இருப்பதுதான் நல்லது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இடம் மாறினால் அதுவும் மாறும்.

செல்வம் மாமா: சரி, அப்போ எங்கே போவது?

ரமேஷ்: ரெக்கவ. தங்காலைக்குப் பக்கம்தான், நான் வேலை செய்கிற ஹோட்டலில் இருந்தும் தூரமில்லை. 2006இல் சரணாலயமாக அறிவித்த கரை. அதற்கு முன்பே, 1996இல், முட்டை தோண்டி விற்றுப் பிழைத்த ஊர்க்காரர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். எந்தத் தடம் எந்த ஆமையுடையது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்! எனக்கு அந்த வேலையில் அவ்வளவு மரியாதை.

கவிதாக்கா: ஆமை கட்டாயம் வருமா?

ரமேஷ்: சொல்ல முடியாது அக்கா. வந்தாலும் உடனே கிட்டப் போக விடமாட்டார்கள். கரையேறிக் குழி தோண்டும்போது வெளிச்சமோ சத்தமோ பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பிறகு காவலர்கள் பின்பக்கமாகக் கூட்டிப்போவார்கள். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டை இடும். டோர்ச், போன், பிளாஷ் எதுவும் கூடாது.

கவிதாக்கா: படமே எடுக்கக் கூடாதா? பிள்ளைகள் அதற்குத்தான் ஆசையாக இருக்கிறார்கள்.

ரமேஷ்: கண்ணால் பார்க்கட்டும் அக்கா. குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் ஓடும். இருட்டுக் கரையில் அது கடல். ஹோட்டல் விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் வந்து நசுங்கிச் சாகும். நான் இங்கே மெனேஜரிடம் கடற்கரைப் பக்க விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் முழுதாக நடக்கவில்லை, விடமாட்டேன்.

சிவகாமி அத்தை: நல்ல காரியம். விடாதே தம்பி.

ரமேஷ்: இன்னொன்று அத்தை. நம்ம பண்டாரவளை மலைப்பக்கம் பிறக்கிற கிரிந்தி ஓயாதான் வெல்லவாய தாண்டிப் புந்தல பக்கம் கடலில் விழுகிறது. இலங்கையில் முட்டையிடுகிற ஐந்து இனமும் அந்தக் கரைக்கு வருகின்றன. பெரிய தோணியாமைக்கு ஜெலி மீன்தான் சாப்பாடு. தண்ணீரில் மிதக்கிற ஷொப்பிங் பேக்கையும் ஜெலி மீன் என்று விழுங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் ஓடைக்குள் குப்பை கொட்டுவதைத் தோட்டத்துச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் பேசினால் கேட்பார்கள்.

சிவகாமி அத்தை: வருகிற ஞாயிறு கூட்டம். நானே எடுத்துச் சொல்கிறேன்.

செல்வம் மாமா: அப்போ ரெக்கவதான். பிள்ளைகளுக்குக் கறுப்புச் சட்டை எடுத்துவையுங்கள். போன்கள் எல்லாம் வேனிலேயே இருக்கட்டும்.

பாட்டி: மணலில் எவ்வளவு தூரம் நடக்கணும் ரமேஷ்? எனக்கு முழங்கால் வலி.

ரமேஷ்: ஆமை எங்கே ஏறுகிறதோ அதைப் பொறுத்து பாட்டி. நீங்கள் காத்திருக்கிற இடத்தில் உட்காருங்கள். கிட்டத்தில் ஏறினால் நானே கைபிடித்துக் கூட்டிப்போகிறேன்.