சனிக்கிழமைக் கரோக்கே: பாட்டுப் பட்டியல் பற்றி

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலைக்கு முன் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவது நல்லது. சென்ற முறை ஒரே சோகப் பாட்டை மூன்று பேர் அடுத்தடுத்துப் பாடினோம். மூன்றாவது ஆள் பல்லவியை எடுக்கும்போது பாதிப் பேர் தலையைக் கவிழ்த்துக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இம்முறை ஒவ்வொருவரும் இதுவரை பாடாத ஒரு பாட்டையாவது எடுத்து வர வேண்டும்.

சித்தி: அந்த மூன்றாவது ஆள் யார், அண்ணா?

சின்ன மாமா: நான்தான். முதல் இருவரும் என் பாட்டை எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

அம்மா: உன் பாட்டா? பாடியவர் எஸ்.பி.பி., தம்பி.

மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்ன மாமா: அண்ணி எழுதியதை நான் படித்துவிட்டேன்.

பெரிய மாமா: யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாம் பாடுவதில் பெரும்பகுதி இளையராஜாவின் எண்பதுகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அவர் 1976இல் திரைக்கு வருவதற்கு முன்பே விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் கே.வி. மகாதேவனும் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஜிக்கி, ஏ.எம். ராஜா, சந்திரபாபு பக்கம் நம்மில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் 1992இல் ரகுமான் வந்த பிறகும் எவ்வளவோ இருக்கிறது.

தம்பி: மாமா, 1992க்குப் பிறகே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நாங்கள் புதிய பாட்டு பாடினால் மட்டும் "இது பாட்டா, பேச்சா?" என்று கேட்டீர்கள்.

அம்மா: பிள்ளை கேட்பது நியாயம்தானே, அண்ணா.

பெரிய மாமா: இம்முறை கேட்க மாட்டேன்.

சித்தி: இதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சின்ன மாமா: விளையாட்டு இருக்கட்டும். எனக்கு அந்த ஒரு பாட்டுதான் தொண்டைக்குள் அடங்குகிறது. மற்றவற்றில் சரணம் மேலே ஏறியதும் குரல் கிழிகிறது. ஆசை இல்லாமலா ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்?

பெரிய மாமா: நீ சொல்வதுதான் விஷயத்தின் வேர், தம்பி. பாடியவரின் சுருதியிலேயே நாமும் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில்தான் அளப்பார்கள். பொதுவாக ஆண்குரல் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையிலும், பெண்குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் நிற்கும் என்று கச்சேரிக்காரர்கள் சொல்வார்கள். டூயட் பாட்டிலோ இருவருக்கும் ஒரே சுருதிதான்; அதனால் ஒருவருக்குச் சுகமாக இருக்கும் இடம் மற்றவருக்கு மலையேற்றமாகிவிடுகிறது. கரோக்கே செயலியில் சுருதியை அரை அரைக் கட்டையாக இறக்கவும் ஏற்றவும் வசதி உண்டு. ஒரு கட்டை இறக்கிப் பார், நீ தொடவே பயந்த பத்துப் பாட்டு கைக்கு வந்துவிடும். அதற்காக அளவுக்கு மீறி இறக்கினால் வயலின் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். உன் குரல் தாழ்ந்த குரல் என்பதால் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாட்டுகளை இறக்காமலே முயன்று பார்க்கலாம்.

சின்ன மாமா: அவர் பாட்டெல்லாம் தாலாட்டுப்போல இருக்குமே. எனக்கு டி.எம்.எஸ். வேண்டும்.

மாமி: டி.எம்.எஸ். பாட்டை ஒரு கட்டை இறக்கினால் போதாது, தம்பி. உங்களுக்கு ஒரு மாடியே இறக்க வேண்டும்.

சித்தி: சுருதி இறக்கலாம் என்பது அக்கா கல்யாணத்தின்போது தெரியாமல் போய்விட்டதே! நான் சரணத்தில் திணறியபோது கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டது யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அம்மா: என் கல்யாணத்தை இன்னுமா இழுக்கிறாய்?

பெரிய மாமா: அன்று வாத்தியக்காரர்கள் காத்திருந்தார்கள் என்பதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

சித்தி: விளக்கினீர்கள், அண்ணா. அதன் பிறகு நான் தனியாகப் பாடவில்லை என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மாமி: இந்த முறை முதல் பாட்டு சித்தியுடையதாகவே இருக்கட்டும். மைக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி: கூகுள் ஷீட் ஒன்று போட்டிருக்கிறேன். பாட்டு, பாடியவர், இசையமைப்பாளர், எத்தனை கட்டை இறக்க வேண்டும் என்று நான்கு கட்டங்கள். ஒருவர் எழுதிவிட்ட பாட்டை இன்னொருவர் எழுதக் கூடாது. மெதுவான பாட்டு இரண்டு தொடர்ந்து வந்தால் நடுவில் ஒரு குத்துப்பாட்டை நானே நுழைத்துவிடுவேன்.

பெரிய மாமா: நல்ல ஏற்பாடு. மேடைக்கு வரத் தயங்குபவர்களுக்காகக் குழுவாகப் பாடும் பாட்டு ஒன்றும் இருக்கட்டும். பல்லவியில் மட்டும் சேர்ந்துகொண்டால்கூட அடுத்த முறை தனியாகப் பாடத் துணிவு வரும். வழக்கமான பாட்டை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, புதியதைப் பாடியவர் கடைசிச் சுற்றில் பழையதைப் பாடிக்கொள்ளலாம்.

சின்ன மாமா: அப்படியானால் கடைசிச் சுற்றில் என் பாட்டை இப்போதே எழுதிவிடுகிறேன்.

தம்பி: அதைச் சித்தி ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், மாமா.

சித்தி: ஒன்றரைக் கட்டை ஏற்றி எழுதியிருக்கிறேன். உனக்கு எட்டாது, அண்ணா.

சின்ன மாமா: இது செல்லாது. பெரிய அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.

அம்மா: அண்ணா தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார். அதற்குள் எல்.ஆர். ஈஸ்வரி பாட்டுகளில் ஒன்றை எனக்கு எழுதிவிடு, கண்ணா. எது என்று வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.

மாமி: ஈஸ்வரி எனக்கு, நாத்தனாரே.