சுண்ணாம்புப் பாறை மேட்டில் 2 நாள் நடை: தண்ணீரைச் சுமப்பதா, ஊற்றை நம்புவதா?

பாதைத்துணை:
நான்கு பேர், இரண்டு நாள் நடை. முதல் நாள் 17 கி.மீ., மொத்த ஏற்றம் 900 மீட்டர். முதல் 6 கி.மீ. காடு, ஓடை கூடவே வருகிறது. அடுத்து 2 கி.மீ. மலைமுகடு. அதன்பின் 9 கி.மீ. சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம். வரைபடத்தில் அங்கே ஒரு நீலக்கோடுகூட இல்லை. மேடு முடியும் செங்குத்துப் பாறையின் அடியில் பெரிய ஊற்று குறிக்கப்பட்டிருக்கிறது. இரவுத் தங்கல் அங்கேதான். மேட்டில் மாடுகள் மேய்கின்றன. ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பது? ஊற்றை நம்பலாமா?

கற்பாளம்:
நம்ப வேண்டாம். கிளம்பும்போதே ஆளுக்கு 6 லிட்டர். மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன நடை நேர விதிப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்கள் பாதைக்கு 3.4 + 1.5, கிட்டத்தட்ட 5 மணி நேரம். அது ஓய்வில்லாமல், நல்ல தடத்தில் நடப்பவருக்கான கணக்கு. பிளவுபட்ட பாறைப் பாளங்கள்மேல் மணிக்கு இரண்டரை கி.மீ. போனாலே பெரிது. 7 மணி நேரம் வையுங்கள். மணிக்கு அரை லிட்டர் வீதம் 3.5 லிட்டர். இரவுச் சமையலுக்கும் மறுநாள் காலைக்கும் 2 லிட்டர். கையிருப்பு அரை லிட்டர். வெயில் கடுமை என்றால் இதுவும் போதாது.

நீரோட்டம்:
6 லிட்டர் என்றால் 6 கிலோ. 900 மீட்டர் ஏற்றத்தில் அத்தனையையும் தூக்கிக்கொண்டு, களைத்த காலோடு பாளங்கள்மேல் ஏறுவதுதான் இந்தப் பாதையில் உண்மையான ஆபத்து. அந்தப் பிளவுகள் சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம்கூட இருக்கும். உள்ளே வளர்ந்த பெரணி வாயை மூடியிருக்கும். பாரம் முன்னே தள்ளும்போது கால் அதில் இறங்கினால் கணுக்கால் போச்சு. 0.1 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியின் எடை 100 கிராம் சொச்சம். பாக்டீரியாவும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் அதைத் தாண்டாது. ஊற்றில் பிடித்து வடிகட்டிக் குடிக்கலாம். வழிக்கு 3 லிட்டர் போதும்.

கற்பாளம்:
“ஊற்றில் பிடித்து வடிகட்டி” என்கிறீர்கள். ஊற்று என்றதும் மண்ணும் மணலும் சலித்த நீர் என்று நினைக்கிறோம். இங்கே அப்படி இல்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்லிய அமிலமாகி, பாறை வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்துக் குழாயாகவே ஆக்கிவிடுகிறது. மேட்டில் நீர் இறங்கும் குழியில் விழுந்தது கீழே ஊற்றில் அப்படியே வரும். ஜெர்மனியில் டான்யூப் ஆறு இம்மென்டிங்கன் அருகே தரைக்குள் இறங்குகிறது. 1877-இல் அங்கே உப்பும் சாயமும் கரைத்துவிட்டார்கள். சுமார் 12 கி.மீ. தள்ளி இருக்கும் ஆக் ஊற்றில் ஏறத்தாழ 60 மணி நேரத்தில் அவை வந்து சேர்ந்தன. மணிக்கு 200 மீட்டர்! சாணம் அந்த வேகத்தில் வந்தால் எந்தப் பாறையும் அதைச் சலிக்காது. செத்த மாட்டைக் குழியில் தள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. உங்கள் வடிகட்டி வைரஸை நிறுத்தாது. பூச்சிமருந்தையும் நைட்ரேட்டையும் தொடவே தொடாது.

நீரோட்டம்:
வைரஸ் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். வடிகட்டிய பின் குளோரின் டை ஆக்சைடு மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டால் அது தீர்ந்தது. மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதை வடிகட்டி முன்பே பிடித்துவிடுவதால் அரை மணி போதும். சமையல் தண்ணீருக்கு மாத்திரையும் வேண்டாம்: தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். மேய்ச்சல் நிலத்தில் பூச்சிமருந்து கவலை குறைவு. மேட்டில் உழுத வயல் இருந்தால் மட்டும் நான் உங்கள் பக்கம்.

சமஉயரம்:
இரண்டு பேரும் ஊற்று இருக்கும் என்றே பேசுகிறீர்கள். வறண்டிருந்தால்? இத்தகைய ஊற்றுகள் மழைக்குச் சட்டென்று பொங்கும், சில வாரம் மழை இல்லாவிட்டால் சில நின்றே போகும். வரைபடத்தில் குறி இருப்பது தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பருவத்தில் ஓடுகிறதா என்று அண்மையில் போனவரிடம் கேட்காமல் 3 லிட்டரோடு மேட்டில் ஏறக் கூடாது.

இன்னொன்று. அந்த மேட்டில் மூடிய வட்டமாக வரும் சமஉயரக் கோட்டைக் குன்று என்று படித்துவிடாதீர்கள். கோட்டின் உள்பக்கம் சிறு பற்கள் இருந்தால் அது குழிவு. கோட்டுக்குக் கோடு உயர வேறுபாடு 20 மீட்டர் என்றால் 10 மீட்டர் ஆழக் குழி வரைபடத்தில் வராமலே போகலாம். மூடுபனியில் அதுதான் ஆளைச் சுற்றவிடும்.

பாதைத்துணை:
மேய்ச்சல் மட்டும்தான், உழவு இல்லை. நடைக்கோல் எடுக்கலாமா? ஊற்று தெளிவாக இருந்தால் அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கற்பாளம்:
தெளிவை வைத்து நல்லது என்று சொல்லவே முடியாது. கெட்டது என்று மட்டும் சொல்லலாம். மழைக்குப் பின் கலங்கி வந்தால் மேட்டின் அழுக்கு அப்போதுதான் வந்து சேர்கிறது என்று பொருள். அந்த நீர் வடிகட்டியையும் சில லிட்டரிலேயே அடைத்துவிடும்; பாத்திரத்தில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்து, வடிகட்டியைப் பின்னோக்கி அலசுங்கள். ஒருமுறை நனைந்த வடிகட்டி இரவுக் குளிரில் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். குளிர்ப் பருவத்தில் அதைத் தூக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம்:
நடைக்கோல் எடுங்கள். ஆனால் பாளங்களில் கைவாரைக் கழற்றிவிடுங்கள். கோலின் முனை பிளவில் சிக்கும்போது உடம்பு முன்னே போய்விடும், வார் மணிக்கட்டைத் திருகிவிடும். பலர் மிதித்து வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் உலோக முனை கிரீச்சென்று வழுக்கும். ரப்பர் மூடி போடுங்கள். காய்ந்த சொரசொரப்பான பாறை காலணியை நன்றாகப் பிடிக்கும். ஈரமானால் அதே பாறையில் நம்பிக் கால் வைக்க முடியாது. அப்போது பாளங்களை விட்டுப் புல் ஓரமாகச் சுற்றுங்கள்.

தண்ணீரில் என் 3 லிட்டரைத் திருத்திக்கொள்கிறேன். 6 லிட்டரை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம், காட்டு ஓடையில் நிரப்பலாம். கிளம்பும்போது ஒன்றரை லிட்டர். ஓடையில் வடிகட்டி, மாத்திரை போட்டு, அரை மணி உட்கார்ந்து, ஆளுக்கு 1 லிட்டர் அங்கேயே குடித்துவிடுங்கள். பிறகு 4 லிட்டரோடு முகட்டில் ஏறலாம்.

கற்பாளம்:
ஊற்று ஓடுகிறது என்று உறுதியானால் 4 லிட்டருக்குச் சம்மதம். உறுதி இல்லாவிட்டால் ஓடையிலிருந்து 6தான், மாற்றமில்லை.

சமஉயரம்:
எங்கே நிரப்புவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீர் இறங்காத களிப்பாறையில்தான் ஓடை ஓடும்; சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் கொஞ்ச தூரத்திலேயே காணாமல் போகும். அருகில் போய்ப் பார்த்தால், பழுப்புப் பாறை முடிந்து வெள்ளைச் சாம்பல் பாறை தொடங்கும் வரியில், குடத்து வாய் அளவு ஓட்டையில் தண்ணீர் சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். சுற்றிலும் சருகும் மாட்டுக் குளம்புத் தடமும் சேறும். அங்கே குடுவையை நீட்டக் கூடாது, ஓட்டையின் விளிம்பும் உள்ளே குடைந்திருக்கும். அதற்கு 200 மீட்டர் முன்பே, ஓடை கல்மேல் சலசலத்து விழும் இடத்தில் நிரப்புங்கள். வரைபடத்தில் நீலக்கோடு திடீரென்று அறுந்து நிற்கும் புள்ளியைத் தேடினால் அந்த ஓட்டை எங்கே என்று முந்தைய நாளே தெரிந்துவிடும்.