சிவப்பியின் மடி: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன்: பர்மாவின் பெகு ஊரில் எங்கள் வீட்டுப் பசு சிவப்பி, கன்று போட்ட மூன்றாம் வாரம் ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. மடிநோய்தான். மாட்டு டாக்டர் காம்புக்குள் மருந்து ஏற்றினார். அவர் சொன்ன நாள்வரை பாலைக் கீழே கொட்டினோம். டீக்கடைக்குப் பால் போகவில்லை, கையில் கியாட் காசும் இல்லை.

அத்தை தன் வைத்தியத்தையும் விடவில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் செங்கல் நிறத்துக்கு வரும். தண்ணீர் கலந்து மடியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூச வேண்டும். பத்துத் தடவை! பள்ளி விட்டு வந்ததும் சின்னவனுக்கு அதுதான் வேலை. எந்த வைத்தியத்தில் குணமானது என்று வீட்டில் இன்னும் சண்டை. எனக்கு டாக்டர் பக்கம்தான்.

மழையில் கொட்டகைத் தரை ஊறிக் கிடந்தது என் தப்பு. இப்போது உமி பரப்புகிறேன். கறந்ததும் வைக்கோல் போட்டு அரைமணி நேரம் நிற்க வைக்கிறோம், காம்புத் துவாரம் மூடும்வரை படுக்கக் கூடாதாம். தினமும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கிறேன், திரி இல்லை. அந்தக் காம்பில் பால் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. சரி, கன்று குடிக்கட்டும்.