ஜே/105 படகு பலமான காற்றில் தானாகத் திரும்புகிறது, முன்னறையிலும் தண்ணீர்: உதவி தேவை

அலைமகன்:
வணக்கம் நண்பர்களே. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பழைய ஜே/105 பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், சுக்கானைத் திருப்ப வீல் வைத்தது. பந்தயத்துக்கும் ஆகும், ஞாயிறன்று மனைவி பிள்ளைகளோடு ஏஞ்சல் தீவு வரை போகவும் ஆகும் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் அருமையாகப் போகிறது. மதியத்துக்கு மேல் கோல்டன் கேட் வழியாக 20, 25 நாட் வேக மேற்குக் காற்று இறங்கியதும், இரண்டு கையால் வீலைப் பிடித்து இழுத்தாலும் படகு காற்றை நோக்கியே திரும்புகிறது. காற்று திடீரென்று பெரிய வீச்சாக வந்தால் சுக்கானுக்குப் பிடியே இல்லாமல் போகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள். முன்பாயான ஜிப்பைச் சுருட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். சுக்கானில் கோளாறா? அப்புறம், முன்னறை மெத்தைக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்குகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

கீல்காரன்:
சுக்கானைக் கழற்றாதீர்கள், முதலில் மெயினை, அதாவது பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாயைக் கவனியுங்கள். ராட் ஜான்ஸ்டன் வடிவமைத்து 1991இல் வந்த இந்தப் படகில் ஜிப் சின்னது, பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வராது. குறைந்த ஆட்களோடு ஓட்டுவதற்காக அப்படி வைத்தார்கள், நல்ல யோசனைதான். ஆனால் இழுவையில் பெரும்பங்கு மெயினுக்குப் போய்விடுகிறது. ஜிப்பைச் சுருட்டினால் முன்னால் இருக்கும் இழுவை போய்ப் பின்னால் இருப்பது மட்டும் மிஞ்சும், மூக்கு காற்றுப் பக்கம் திரும்பாமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம் சாய்வு. படகு மொத்தம் சுமார் 3.5 டன், அதில் ஒன்றரை டன்னுக்கு மேல் படகின் அடியில் இருக்கும் கனமான கீலில் இருக்கிறது. இருந்தும் பந்தயத்தில் ஐந்தாறு பேர் காற்றுப் பக்க விளிம்பில் உட்கார்ந்து படகை நிமிர்த்துகிறார்கள், உங்கள் பிள்ளைகள் வீலுக்குப் பக்கத்தில் காக்பிட் பள்ளத்தில் இருக்கிறார்கள். அந்த எடை இல்லாதபோது அதே காற்றில் படகு கூடுதலாகச் சாயும், சாய்ந்தால் பாயின் இழுவை தண்ணீருக்கு மேலே ஒரு பக்கமாகத் தள்ளிப்போய்ப் படகைக் காற்றை நோக்கித் திருப்பும், சுக்கானும் பாதி வெளியே வந்துவிடும். குடும்பத்தோடு போகும்போது பந்தயக்காரர்களைப் பார்த்துப் பாய் வைக்கவே கூடாது, அவர்களுக்கு முன்பே ரீஃப் எடுத்துவிடுங்கள், அதாவது மெயினின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிச் சின்னதாக்கிவிடுங்கள்.

காற்று ஏறும்போதே பாய்மர உச்சியைப் பின்பக்கம் இழுக்கும் பேக்ஸ்டேயை நன்றாக இறுக்குங்கள். பாய்மரத்தின் உச்சி வளைந்து மெயின் தட்டையாகும், மேல்பக்கம் காற்றை விட்டுவிடும். மெயினின் பின்மூலையைப் பின்னால் இழுக்கும் அவுட்ஹாலையும் இழுங்கள். வீச்சு வந்ததும் மெயினின் கயிற்றைக் குறுக்கே நகர்த்தும் ட்ராவலரைக் காற்று போகும் பக்கமாகக் கீழே விடுங்கள், அந்தக் கயிற்றை, அதாவது ஷீட்டை, அப்புறம் பார்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ரீஃப்தான். பாய்மரத்தின் பின்சாய்வை அளப்பது கடைசி வேலை.

வடகரை:
தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்பின்னேக்கர் என்ற பெரிய முன்பாய்க்காக மூக்கிலிருந்து நீளும் கார்பன் கம்பம் உள்ளே இழுத்ததும் முன்னறைக்குள்தானே வந்து கிடக்கிறது, அது வெளியே போகும் துளையின் சீல் தேய்ந்திருக்கும். ஒருவரை டார்ச்சோடு உள்ளே படுக்க வைத்து, வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் அந்தத் துளையில் அடியுங்கள், ஒழுகும் இடம் தெரிந்துவிடும். அங்கே ஒழுகவில்லை என்றால் மேல்தளத்தில் திருகிய, கயிறு கட்டும் கிளீட், விளிம்பு வேலியைத் தாங்கும் ஸ்டாஞ்சன் கம்பிகள் இவற்றின் அடிகளைப் பாருங்கள். தளத்துக்குள் இருப்பது பால்சா மரம், நனைந்தால் அழுகும். பிளாஸ்டிக் சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், நனைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள் அண்ணா, சீல் மாற்றுவது சின்ன வேலை, பால்சா மாற்றுவது அப்படியில்லை.

அலைமகன்:
இருவருக்கும் மிக்க நன்றி. வடகரை சொன்னது சரி, கம்பத்தின் சீல்தான், ஒரு பக்கம் கிழிந்தே இருந்தது. தளத்தையும் தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் கணீரென்றுதான் இருக்கிறது. பேக்ஸ்டேயை இறுக்கி மெயினில் முதல் ரீஃப் போட்டு முழு ஜிப்போடு போனோம், வீலை ஒரு கையால் பிடிக்க முடிந்தது, வேகமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ரீஃப் போட்ட இடத்தில் பாயின் அடிப்பக்கம் மட்டும் பை மாதிரி தொங்குகிறது, அது ஏன்?

கீல்காரன்:
பின்மூலையின் ரீஃப் கயிறு போதுமான அளவு இறுகவில்லை. அடுத்த முறை ஷீட்டையும், பூமை (மெயினின் அடியில் கிடக்கும் கம்பத்தை) கீழே இழுத்துப் பிடிக்கும் ‘வேங்’ கயிற்றையும் முழுசாகத் தளர்த்திவிட்டு, முன்மூலையை மாட்டி, பாயை மேலே ஏற்றும் ஹால்யார்டை இறுக்கி, அதன் பிறகு அந்த ரீஃப் கயிற்றை வின்ச் உருளையில் சுற்றி மூலை பூமோடு ஒட்டும்வரை இழுங்கள்.