மழைல வாக்கிங் கட், நாய் வீட்ட பிரிச்சு மேயுது, அவசரமா ஐடியா வேணும்

வேளச்சேரிவாசி:
மக்களே, மழை ஆரம்பிச்சதுல இருந்து வாக்கிங் சுத்தமா நின்னுபோச்சு. தெருல முட்டி வரைக்கும் தண்ணி, கொஞ்சம் வடியுதேன்னு பாத்தா மறுபடி கொட்டுது. காலைல ஆறு, ராத்திரி ஒன்பதுன்னு கரெக்டா போய்ட்டிருந்தோம், இப்பவும் அந்த டைம் ஆனா பெல்ட்ட கவ்விட்டு வந்து கதவுகிட்ட நிக்குது, கூட்டிட்டு போனா கேட்ல ஒரு கால தூக்கி வச்சுக்கிட்டு தண்ணிய பாத்துட்டு அப்படியே திரும்பிடுது. ராத்திரி ஒரு மணிக்கு ஹால்ல ரேஸ், சோபா பஞ்செல்லாம் வெளிய. கீழ்வீட்டு அங்கிள் அசோசியேஷன் குரூப்ல போட்டுவிட்டுட்டார். சீக்கிரம் சொல்லுங்க.

குட்டி_அம்மா:
என்ன ரகம், எத்தன மாசம்? எத்தனாவது மாடி? ஒண்ணுக்கு எங்க போகுது இப்ப?

தயிர்சாதம்:
எல்லாம் சாப்பாட்டு சூடுதான் ப்ரோ. சிக்கன நிறுத்திட்டு ஒரு வாரம் தயிர் சாதம் குடுங்க, தானா அடங்கும்.

சீனியர்13:
ஒவ்வொரு ஐப்பசிக்கும் இதே கேள்வி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சென்னைல மழை பெய்யும்னு நாய் வாங்கும்போது தெரியாதா? ரகம் சொல்லாம, வயசு சொல்லாம, நாங்க என்ன சோழி உருட்டியா பாக்கறது. பழைய பதிவுகள தேடுங்க முதல்ல.

வேளச்சேரிவாசி:
சிப்பிப்பாறை, ஆண், ஒரு வயசு ஆகப்போகுது. மூணாவது மாடி. ஒண்ணுக்கு கீழ பார்க்கிங்ல ஒரு ஓரமா, அங்கயும் கணுக்கால் தண்ணி.

நெல்லைக்காரன்:
சரியாப்போச்சு. கரிசக்காட்டுல முயல் துரத்துன சாதிண்ணே அது, அத ஹால்ல பூட்டி வச்சா சோபாவத்தான் துரத்தும்.

டிரெட்மில்_ரவி:
டிரெட்மில் வாங்கிருங்க, ஒரே தீர்வு. எங்க ஹஸ்கி அதுலதான் ஓடுது.

குட்டி_அம்மா:
சென்னைல பனி ஊர் நாய் ஹஸ்கியா, அதுக்கு தனி பதிவுதான் போடணும். @வேளச்சேரிவாசி இந்த ரகம் நாள் முழுக்க ஓடற ரகம் இல்ல, கொஞ்ச நேரம் வெறியா ஓடிட்டு மீதி நேரம் தூங்கும், அதனால நீளமான வாக்கிங் இல்லாட்டியும் சமாளிக்கலாம், ஆனா அந்த ஆறு மணியும் ஒன்பது மணியும் மட்டும் மாறக்கூடாது, அதே டைம்ல அதே பெல்ட்ட போட்டு மாடி வராண்டாவுலயாவது ரெண்டு நடை நடங்க. அப்புறம் ஒரு பழைய டவல விரிச்சு வேகவச்ச சிக்கன பிச்சு பிச்சு போட்டு சுருட்டி முடிச்சு போட்டு குடுங்க, மூக்கால தேடி எடுக்கறதுக்குள்ள பாதி எனர்ஜி போயிரும். பழகிட்டா டவல கட்டிலுக்கு அடில ஒளிச்சு வைங்க. குச்சில கயிறு கட்டி நுனில துணிய கட்டி தரையோட இழுத்து விளையாடலாம், ஆனா டைல்ஸ்ல வேணாம், வழுக்கி கால் சுளுக்கும், கோணிச்சாக்கோ ரப்பர் மேட்டோ போட்டுக்கோங்க. வயித்துக்கு சாப்பாடு போன உடனே ஓட விடாதீங்க, நெஞ்சுக்கூடு ஆழமான நாய்ங்களுக்கு வயிறு முறுக்கிக்கும், உயிருக்கே ஆபத்து.

கிளினிக்_வாசல்:
பார்க்கிங் தண்ணில நிக்க வைக்காதீங்க, எலி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதுகிட்ட இருந்து நமக்கும் வரும். ஊசி புக்குல டிஎச்பிபிஐ-ங்கற கூட்டு தடுப்பூசிக்கு பக்கத்துல எல்-னு ஒரு எழுத்து இருக்கான்னு பாருங்க, அதுதான் எலிக்காய்ச்சல் ஊசி. இருந்தாலும் வருஷா வருஷம் போடணும். கால நல்லா கழுவி விரலிடுக்குல ஈரம் இல்லாம துடைங்க.

நெல்லைக்காரன்:
என்ன கலர்ண்ணே? கருப்பு உடம்பு, கால்ல செம்பழுப்புன்னா அது கன்னி ரகம்.

சீனியர்13:
கன்னி வேற, சிப்பிப்பாறை வேற. இது கூட தெரியாம.

நெல்லைக்காரன்:
எங்க ஊர்ல ஒரே ஈத்துல ரெண்டும் விழும், நிறம்தான் வேற. புக்க படிச்சிட்டு பேசாதீங்க.

சீனியர்13:
2005ல நாட்டு நாய் தபால்தலை வந்தப்ப ராஜபாளையத்துக்குத்தான் இடம், உங்க ரெண்டுக்குமே இல்ல. அப்பவே வேர்ல்ட் லெவல்ல யாருக்கு மதிப்புன்னு தெரிஞ்சுபோச்சு.

தயிர்சாதம்:
ராஜபாளையத்துல பொறவிலேயே காது கேக்காத குட்டி நிறைய, அத சொல்லுங்க.

சீனியர்13:
தயிர் சாதம் போட்டா கேக்கும்.

குட்டி_அம்மா:
அய்யோ, கேட்டவர் எங்க? அங்கிள் மேட்டர் என்னாச்சு?

வேளச்சேரிவாசி:
டவல் வேலை செய்யுது. ஒன்பது மணிக்கு வராண்டா நடை. எதிர்வீட்டு ஆன்ட்டி மொட்டமாடி சாவி குடுத்துட்டாங்க, மழை விடற கேப்ல அங்க ஓட விடறேன். டவலயும் கிழிச்சிட்டான் ஆனா. ஆபீஸ் கால், வரேன்.

கிளினிக்_வாசல்:
எல் இருந்துச்சா?

கிளினிக்_வாசல்:
அண்ணே எல்?

புதுசு_21:
சிப்பிப்பாறை குட்டி என்ன ரேட் வரும்? ஃபிளாட்டுக்கு செட் ஆகுமா?

நெல்லைக்காரன்:
தம்பி மேல இருந்து படிச்சிட்டு வாங்க.