எர்த்பவுண்ட் வீடியோ கேம்ல அப்படி என்னதான் இருக்கு? ஜூன் லீவுக்கு மகனுக்குக் குடுக்கலாமா

உட்லண்ட்ஸ்_அம்மா:
வணக்கம். மகனுக்கு 10 வயசு, வீட்ல நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் இருக்கு, அவன் மாமா எர்த்பவுண்ட் விளையாடச் சொல்லுன்னு விடாம சொல்றாரு. பாத்தா படமெல்லாம் கட்டம் கட்டமா பழசா தெரியுது. இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் பிடிக்குமா?

பொத்தோங்பாசிர்_பையன்:
கண்டிப்பா குடுங்கக்கா. 1994ல ஜப்பான்ல மதர் 2ன்னு வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுல எர்த்பவுண்ட். எழுதுன ஷிகேசாதோ இதோய் விளம்பர வாசகம் எழுதுறவரு, அதனாலயே தெருவுல சும்மா நிக்கிற ஆளு பேசுற ஒரு வரிகூட மனசுல ஒட்டிக்கும். நெஸ்னு ஒரு பையன், ராத்திரி வீட்டுப் பக்கத்து மலையில விண்கல் விழுது, தூக்கத்துலேர்ந்து எழுந்து போய்ப் பாக்குறான், அப்புறம் பேஸ்பால் மட்டைய தூக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிடுறான். காக்கா, ஓடிப்போன நாய், ஹிப்பி இவங்கதான் ஆரம்பத்துல எதிரிங்க, அதுலயும் நாயை ஜெயிச்சா அது செத்துப் போகாது, சாதுவாயிடும், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். அடி வாங்கினா உயிர் நம்பர் மீட்டர் மாதிரி உருண்டு உருண்டு இறங்கும், அது முடியறதுக்குள்ள சண்டைய ஜெயிச்சுட்டா பொழச்சுக்கலாம்!

துவாஸ்_நைட்ஷிப்ட்:
தம்பி போன் விஷயத்த விட்டுட்டீங்களே. நெஸ்ஸோட அப்பாவ கண்ணுல காட்டவே மாட்டாங்க, போன்ல குரல் மட்டும்தான், அவருக்குப் போன் போட்டாதான் கேம் சேவ் ஆகும், காசும் ஏடிஎம்ல போட்டுவிடுவாரு. ரொம்ப நாளா வீட்டுக்குப் பேசலன்னா பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்துடும், சண்டை நடுவுல அம்மாவ நெனச்சுக்கிட்டு அப்படியே நிப்பான், அம்மாகிட்ட போன்ல பேசினா சரியாயிடும். நான் மன்னார்குடிலேர்ந்து இங்க சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம், டார்மிட்டரில மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு விளையாடுறப்ப அந்த இடம் வந்துச்சு. ராத்திரி மணி 1, ஊர்ல பத்தரைதான இருக்கும்னு கேம நிறுத்திட்டு அம்மாவுக்குக் கூப்பிட்டேன், என்னடா இந்த நேரத்துலன்னு பதறிட்டாங்க.

உட்லண்ட்ஸ்_அம்மா:
படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு அண்ணே. பயமுறுத்துற மாதிரி எதுவும் வருமா?

பொத்தோங்பாசிர்_பையன்:
கடைசியில கீகாஸ்னு ஒரு வில்லன் வரும், அந்தப் படமும் சத்தமும் பெரியவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும், அப்ப மட்டும் பக்கத்துல உக்காந்துக்குங்க. ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா இருந்தா போதும், 2022லேர்ந்து அதுலயே இருக்கு. ஆரம்பத்துல பிடிச்ச சாப்பாடு என்னன்னு கேக்கும், என்ன போடுறானோ அதத்தான் நெஸ் வீட்டுக்குப் போறப்பல்லாம் அம்மா செஞ்சு குடுப்பாங்க.

உட்லண்ட்ஸ்_அம்மா:
அப்ப பிராட்டான்னுதான் போடுவான். இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறோம்.