தொழில் படுத்த வருஷம் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தீர்கள்?

பாம்பன்காரன்:
2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இறால், கணவாய் எடுக்கிற ஏற்றுமதி கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. விசைப்படகில் பங்குக்குப் போகிற எங்கள் மச்சான், மகளைத் தங்கச்சிமடம் பக்கம் தனியார் பள்ளியில் போட்டிருந்தார். பீஸ் பாக்கியைக் கட்டினால்தான் டிசி என்று சொல்லிவிட்டார்கள். (பள்ளிப் பெயர் வேண்டாம்.) அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், "டிசி அப்புறம் வரட்டும், பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க" என்றார். டிசி தாமதம் என்று எட்டாவது வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பீஸ் கிடையாது, புத்தகமும் சீருடையும் அங்கேயே. அந்த வருஷம் மச்சான் வட்டிக்கு வாங்காமல் தப்பியது அதனால்தான். ஆனாலும் படகு ஓனர் மகன் லேப்டாப்பில் படித்தான், இவளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. அதுவும் கரண்ட் இருந்தால்.

சாயல்குடி அக்கா:
2021 கடைசியில் ஊரடங்கில் விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் சொல்லித்தர அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். எங்கள் திண்ணையில்தான் வகுப்பு. நாலாவது படிக்கிற பையன் 'படகு' என்பதையே எழுத்துக் கூட்டித்தான் படித்தான். அதே பையன் நண்டை எடை போட்டால் காசை மனக்கணக்காகச் சொல்வான்! டிகிரி முடித்து வீட்டில் கிடந்த எனக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆக, அரசு போட்ட பணம் அவனுக்குப் படிப்பு, எனக்கு வருமானம். வசதியான வீடுகளுக்கு இது தேவைப்படவில்லை, டியூஷன் நிற்கவே இல்லையே.

மண்டபம் தம்பி:
2022-இல் இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "பள்ளிக்கூடம் இலவசம்தான் தம்பி, டியூசனுக்குத்தான் காசு. சாமான் விலை ஏற ஏற முதல்ல அதைத்தான் நிப்பாட்டினம்." அங்கே 1945 முதல் இலவசக் கல்வி. அந்த மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அரசு கையைச் சுருக்கினால் காசுள்ளவன் வெளியே வாங்கிக்கொள்வான், இந்த அம்மா எங்கே போவார்?

பாம்பன்காரன்:
சரிதான் தம்பி. இன்னொன்று. மச்சானின் மூத்தவன் பிளஸ் டூ முடித்து 2021-இல் படகேறிவிட்டான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கு அதேபோன்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான். ஆயிரம் ரூபாய்க்காகப் படித்திருப்பானா என்று கேட்காதீர்கள். ராமநாதபுரம் போய்வர பஸ்ஸுக்காவது ஆகியிருக்கும்.